பிரௌசர் அப்டேட்: உடனே போடுவதா, பொறுப்பதா? முழுமையான வழிகாட்டி

"புதிய வெர்ஷன் தயார்" என்று பிரௌசரின் மேல் மூலையில் ஒரு பொத்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிலர் பார்த்தவுடன் அழுத்திவிடுவார்கள். சிலர் அதை மாதக்கணக்கில் கண்டுகொள்ளவே மாட்டார்கள், கேட்டால் "போன தடவை அப்டேட் போட்டுத்தான் பேங்க் சைட் வேலை செய்யாமல் போச்சு" என்பார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த ஒரே பொத்தானுக்குள் இரண்டு வேறு சரக்குகள் வருகின்றன. ஒன்று, பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம். இன்னொன்று, புதுத் தோற்றம், புது வசதி, தூக்கப்பட்ட பழைய வசதி இத்யாதி. முதலாவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவதைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம், அதற்கு முறையான வழியே இருக்கிறது. பிடிக்கவில்லை என்பதற்காகப் பழைய வெர்ஷனிலேயே உட்கார்ந்திருப்பது மட்டும் வழியே இல்லை.

இந்தக் கட்டுரை குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டையும் வைத்து எழுதியது. எட்ஜ், பிரேவ் எல்லாம் குரோமுக்கு அடித்தளமான குரோமியம் என்ற திறந்த நிரலின் மேல் கட்டியவை என்பதால் குரோமுக்குச் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

1. முதலில் இப்போது என்ன வெர்ஷன் என்று பாருங்கள், ஆனால் சரியான இடத்தில்

எல்லோரும் சொல்வது "ஹெல்ப் மெனுவில் அபௌட் பக்கத்தைத் திற" என்பது. அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அது அப்டேட்டைத் தேடி, இருந்தால் இறக்கவும் தொடங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸும் வழக்கமான செட்டிங்கில் அப்படித்தான். ஏற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கப் போனவர், பார்த்த பாவத்துக்கே ஏற்றிக்கொண்டு வருவார்.

வெறுமனே எண்ணை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஃபயர்ஃபாக்ஸில் ஹெல்ப் மெனுவுக்குள் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று ஒரு பக்கம் உண்டு, மேலேயே வெர்ஷன் எண் இருக்கும். குரோமில் முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் வெர்ஷன் என்று அடித்தால் எண் முதல் ப்ரொஃபைல் ஃபோல்டர் (உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் சேமித்திருக்கும் ஃபோல்டர்) இருக்கும் இடம் வரை எல்லாம் தெரியும். அந்த ஃபோல்டர் இடத்தைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் கீழே போனால் அப்டேட் பற்றிய இரண்டு தேர்வுகள் இருக்கும். தானாக ஏற்று என்பது ஒன்று, தேடிச் சொல், ஏற்றுவதை நான் முடிவு செய்கிறேன் என்பது இன்னொன்று. வாரம் ஒரு முறையாவது கவனிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முதலாவதே மேல், வீட்டில் அப்பா அம்மா கணினிக்குக் கண்ணை மூடிக்கொண்டு முதலாவது. குரோமில் வீட்டுக் கணினிகளுக்கு இப்படி ஒரு எளிய தேர்வே கிடையாது, அது தானாக இறக்கிக்கொள்ளும்.

2. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஃபயர்ஃபாக்ஸ் 131.0 என்பது பெரிய வெளியீடு. 131.0.2 என்பது அதன் மேல் போட்ட ஒட்டு. குரோமில் எண் நான்கு துண்டாக இருக்கும், உதாரணம் 116.0.5845.187. முன்னால் இருக்கும் 116தான் பெரிய வெர்ஷன், கடைசித் துண்டு திருத்தங்களோடு மாறிக்கொண்டே போகும்.

முன் எண் மாறாமல் வால் மட்டும் மாறியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். அதில் புதுத் தோற்றம் எதுவும் ஒளிந்திருக்காது. பெரும்பாலும் ஓட்டையோ, போன வெளியீட்டில் உடைந்த ஏதோ ஒன்றோ சரிசெய்யப்பட்டிருக்கும். முன் எண் மாறியிருந்தால்தான் கீழே சொல்லும் மற்ற படிகள். இரண்டு பிரௌசர்களிலும் சில வருடங்களாகவே ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு பெரிய எண் என்பதுதான் கணக்கு (குரோம் 2021இல் 94ஆவது வெர்ஷனோடு ஆறு வாரத்திலிருந்து இதற்கு வந்தது). ஆகவே முன் எண் ஏறுவது ஒன்றும் திருவிழா இல்லை. பல நேரம் என்ன மாறியது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

3. அவசரம் எவ்வளவு என்று பாருங்கள்

ரிலீஸ் நோட்ஸ், அதாவது ஒவ்வொரு வெர்ஷனோடும் வரும் மாற்றக் குறிப்பு, முழுவதையும் யாரும் படிக்கத் தேவையில்லை. இரண்டு இடம் போதும்: பாதுகாப்புத் திருத்தங்களின் பட்டியல், நீக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட வசதிகளின் பட்டியல். பாதுகாப்புப் பக்கத்தில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு செய்தி, "இந்த ஓட்டையை ஏற்கெனவே யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்" என்பது. அது இருந்தால் பிடிக்கும் பிடிக்காது என்ற பேச்சுக்கே இடமில்லை.

2024 அக்டோபர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 131.0.2 வந்தது. அனிமேஷன் டைம்லைன் பகுதியில் இருந்த ஒரு நினைவகப் பிழைக்கான திருத்தம் அது. ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்துச் சொன்ன 25 மணி நேரத்துக்குள், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா திருத்தத்தை வெளியிட்டது. ஏன் அந்த ஓட்டம்? பொறிவைத்த ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டாம், தாக்குதல் நடந்துவிடும், நடந்துகொண்டும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் வெப்பி என்ற வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நிரல் நூலகத்தில் ஒரு ஓட்டை வெளிவந்தது. குரோம், எட்ஜ், பிரேவ், ஃபயர்ஃபாக்ஸ் என்று எல்லாருமே அடுத்தடுத்த நாட்களில் திருத்தம் விட்டார்கள், ஏனென்றால் எல்லாருக்குள்ளும் அதே நூலகம்தான் இருந்தது. "நான் வேறு பிரௌசர் வைத்திருக்கிறேன், எனக்கு என்ன" என்று சொல்ல முடியாத ஓட்டை அது.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. திருத்தம் வெளியான நாளிலிருந்து ஆபத்து குறைவதில்லை, பழைய வெர்ஷனில் இருப்பவர்களுக்குக் கூடுகிறது. குரோமியத்தின் நிரல் திறந்த நிரல். என்ன வரி மாற்றினார்கள் என்று பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். திருத்தம் நிரலில் சேர்வதற்கும் நம் கணினிக்கு வந்து சேர்வதற்கும் இடையிலான அந்த நாட்களைக் குறைக்கத்தான் கூகுள் 2023 ஆகஸ்டில், 116ஆவது வெர்ஷனிலிருந்து, பாதுகாப்பு அப்டேட்டை வாராவாரம் விடத் தொடங்கியது. அவர்கள் அவ்வளவு பாடுபட்டு அனுப்பியதை நாம் மூன்று மாதம் மூலையில் வைத்திருந்தால் அது யார் தவறு?

4. பயப்படுபவர்களின் பயம் வெறும் பயம் இல்லை

நியாயமாகப் பேசினால், அப்டேட்டால் பொருள் இழந்தவர்கள் நிறையப் பேர். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது வேகம் கூடியது உண்மை, கூடவே பழைய முறையில் எழுதிய ஆட்-ஆன்கள் (பிரௌசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள், குரோமில் எக்ஸ்டென்ஷன் என்பார்கள்) அத்தனையும் ஒரே நாளில் செத்தன. சிலவற்றுக்குப் புது வடிவம் வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. குரோம் பக்கம் மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய முறையில் எழுதிய எக்ஸ்டென்ஷன்களை 2024 கடைசியிலிருந்து படிப்படியாக அணைத்து, 2025இல் 139ஆவது வெர்ஷனில் கதவை முழுதாகச் சாத்தினார்கள். விளம்பரம் தடுக்க யூபிளாக் ஆரிஜினை நம்பியிருந்தவர்கள் அதன் லைட் வடிவத்துக்கு மாற வேண்டியிருந்தது, அல்லது ஃபயர்ஃபாக்ஸுக்கு. ஃபயர்ஃபாக்ஸில் பழையது இன்னும் ஓடுகிறது.

2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டில் மற்ற ஆப்களுக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் வெப்வியூ என்ற பகுதியின் அப்டேட் ஒன்று கோளாறாகி, பிரௌசரைத் தொடாமல் ஜிமெயில் மட்டும் திறந்தவர்களுக்குக்கூட ஆப் மூடிக்கொண்டது.

ஆனால் நின்ற இடத்திலேயே நின்றால் எதுவும் உடையாது என்பது கட்டுக்கதை. 2025 மார்ச் 14 அன்று ஆட்-ஆன்களைச் சரிபார்க்கும் மோசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. 128க்கு முந்தைய ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு (இஎஸ்ஆர் என்ற நீண்டகால வடிவத்தில் 115.13க்கு முந்தையது) ஆட்-ஆன்கள் முடங்கும் நிலை. அதாவது, ஆட்-ஆன் போய்விடுமே என்று அப்டேட் போடாமல் இருந்தவருக்கு, அப்டேட் போடாததாலேயே ஆட்-ஆன் போனது.

சில சமயம் அப்டேட்டுக்காக நாமே ஓடியிருக்கிறோம் என்பதையும் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2 காலத்தில் தமிழ் வலைப்பதிவுகளில் யாராவது பத்தியை இருபக்கமும் ஜஸ்டிஃபை செய்து வைத்திருந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து தெரியும். 2008 ஜூன் 17 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தது, 24 மணி நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேல் டவுன்லோடு ஆகி கின்னஸில் ஏறியது. அந்தச் சாதனையைவிட, பதிவுகள் ஒழுங்காகத் தெரிந்ததுதான் நமக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

5. உங்களுடைய உடையக்கூடிய சாமான்களைக் கணக்கெடுங்கள்

உலகத்துக்கு என்ன உடைந்தது என்பதைவிட உங்களுக்கு எது உடைந்தால் வேலை நிற்கும் என்பதுதான் கேள்வி. ஒரு தாளில் எழுதுங்கள்: இல்லாமல் முடியாத எக்ஸ்டென்ஷன்கள், வங்கித் தளம், அலுவலகத் தளம், தமிழ்த் தட்டச்சுக்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள், பிரௌசரிலிருந்து பிரிண்ட் எடுக்கும் ரசீதுகள், வீடியோ அழைப்பு. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். எழுதியவர் இரண்டு மூன்று வருடமாகத் தொடாத எக்ஸ்டென்ஷன்தான் முதலில் விழும்.

டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து வைத்திருக்கும் யூஎஸ்பி கருவி) செருகிக் கையெழுத்துப் போடுபவர்கள், அதாவது ஆடிட்டர் அலுவலகங்கள், டெண்டர் போடும் ஒப்பந்ததாரர்கள், கம்பெனி ஜிஎஸ்டி பார்ப்பவர்கள், இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். ஒரு காலத்தில் இந்தக் கையெழுத்து பிரௌசருக்குள் ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரலாக ஓடியது. அதைத் தாங்கிய பிளகின் முறையை குரோம் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் தூக்கிவிட்டன. அதற்குப் பிறகும் பல அலுவலகங்களில் இதற்கென்றே ஒரு பழைய கணினி தூசியோடு மூலையில் ஓடியது. இப்போது இஎம்சைனர் மாதிரி ஒரு மென்பொருள் உங்கள் கணினியில் தனியாக ஓடும், தளம் பிரௌசர் வழியாக அதோடு பேசும்.

அந்தப் பேச்சில்தான் புதுச் சிக்கல். குரோம் 142 முதல், ஒரு வெளித் தளம் உங்கள் கணினிக்குள் அல்லது வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் ஒன்றோடு பேச முயன்றால், "உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேடி இணைக்க அனுமதிக்கலாமா" என்ற தோரணையில் ஒரு கேள்வி எழும். நோக்கம் நல்லதுதான், கண்ட தளமும் உங்கள் ரௌட்டரை நோண்டக் கூடாது. ஆனால் அவசரத்தில் இருப்பவர் அதைப் பார்த்து "இது என்னடா புது வைரஸ்" என்று பிளாக் அழுத்திவிடுவார், அப்புறம் கையெழுத்து மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தாலும் தளத்துக்கு அது கண்ணில் படாது, டோக்கனைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பயனில்லை. தளத்தின் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானை அழுத்தி, அந்தத் தளத்துக்கான அனுமதிகளுக்குள் போய் அதை அலவ் என்று மாற்றுங்கள், பக்கத்தைப் புதுப்பியுங்கள். நம்பகமான அரசுத் தளம், வங்கித் தளம் தவிர வேறு யார் கேட்டாலும் பிளாக்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி: கெடு நாளுக்கு முந்தைய மாலை பெரிய எண் மாறும் அப்டேட்டைத் தொடாதீர்கள். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 20ஆம் தேதி கெடு என்றால், 18, 19 தேதிகளில் ரீஸ்டார்ட் பொத்தானை அப்படியே விட்டுவிட்டு 21 காலையில் போடுங்கள். மூன்றாவது படியில் சொன்ன அவசர ஓட்டை இருந்தால் மட்டும் இந்த விதி செல்லாது.

6. பேக்கப்

ஃபயர்ஃபாக்ஸில் இது சுலபம். டிரபிள்ஷூட்டிங் பக்கத்தில் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. திறந்து வைத்துக்கொண்டு பிரௌசரை முழுதாக மூடுங்கள். பிறகு அந்த ஃபோல்டரை அப்படியே வேறு டிரைவுக்கு நகலெடுங்கள். புக்மார்க், வரலாறு, பாஸ்வேர்டு, ஆட்-ஆன் எல்லாம் அதற்குள்தான். தனித்தனிக் கோப்பாகப் பொறுக்காதீர்கள். பாஸ்வேர்டுகள் ஒரு கோப்பிலும் அதைத் திறக்கும் சாவி இன்னொரு கோப்பிலும் இருக்கும், ஒன்றை விட்டால் மற்றது வீண்.

குரோமில் ஃபோல்டரை நகலெடுத்தால் புக்மார்க் வரும், ஆனால் பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை, வேறு கணினியில் கொண்டுபோய்ப் போட்டால் திறக்காது. பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யலாம். வெளியே வரும் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பச்சையாக எழுதியிருக்கும், யார் திறந்தாலும் தெரியும். வேலை முடிந்ததும் அதை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

"எனக்கு சிங்க் இருக்கிறதே" என்பவர்களுக்கு: சிங்க் என்பது பேக்கப் இல்லை. இங்கே தெரியாமல் ஒரு புக்மார்க் ஃபோல்டரை அழித்தால் போனிலும் அது அழியும். புக்மார்க்கை எச்டிஎம்எல் கோப்பாக ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து வைக்க ஒரு நிமிடம் ஆகாது.

7. ஏற்றுவதற்கு முன் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கள்

எல்லோருக்கும் இது தேவையில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்பவர் என்றால் தேவை. குரோம் பீட்டா என்ற சோதனை வடிவத்தைச் சாதாரண குரோமுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம். ஃபயர்ஃபாக்ஸ் டெவலப்பர் எடிஷனும் அப்படித்தான், தனக்கென்று தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளும், உங்கள் பழையதைத் தொடாது. அடுத்த மாதம் எல்லோருக்கும் வரப்போவது இதில் முன்கூட்டியே தெரியும். ஐந்தாவது படியில் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்: லாகின் ஆகிறதா, கையெழுத்து விழுகிறதா, ரசீது முழுதாக பிரிண்ட் ஆகிறதா.

8. இப்போது முடிவு

சாதாரணப் பயன்பாடு, யூடியூப், மெயில், வங்கி என்றால் வழக்கமான வெர்ஷனில் தானாக அப்டேட் ஆக விடுங்கள், தீர்ந்தது. முதல் நாளே போடப் பிடிக்காதவர்கள், அவசர ஓட்டை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெரிய வெளியீட்டுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். முதல் ஒட்டு வந்த பிறகு போடலாம். ஒரு வாரத்துக்கு மேல் பொறுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் பெரிய வெளியீட்டிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் கலந்தேதான் வரும்.

மாதாமாதம் தோற்றம் மாறுவதே எரிச்சல், அல்லது அலுவலகக் கணினி, என்றால் ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் இருக்கிறது. இதைத்தான் தொடக்கத்தில் முறையான வழி என்றேன். ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறைதான் பெரிய எண் மாறும்: 2023இல் 115, 2024இல் 128, 2025இல் 140. இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும், மேலே சொன்ன 2024 அக்டோபர் ஓட்டைக்குக்கூட இஎஸ்ஆருக்குத் தனியாக 128.3.1 வந்தது. பழைய இஎஸ்ஆரிலிருந்து புதியதற்கு மாறச் சுமார் மூன்று மாத அவகாசமும் தருவார்கள். இதில் காசு கிடையாது, அலுவலகம் என்ற சான்றிதழும் கேட்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் இறக்கலாம். இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கும்போது வீட்டில் ஏன் பலர் இதைப் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இஎஸ்ஆருக்குப் போவது சில சமயம் எண்ணில் கீழே இறங்குவதாகிவிடும். 145இல் இருப்பவர் இஎஸ்ஆர் 140ஐ நிறுவினால், "நீங்கள் பழைய வெர்ஷனைத் திறந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிப் புது ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லும். 67ஆவது வெர்ஷனில் வந்த பாதுகாப்பு இது, புது வெர்ஷன் மாற்றி எழுதிய தரவைப் பழையது திறந்து கெடுத்துவிடக் கூடாதே என்பதற்காக. புது ப்ரொஃபைலில் சிங்க் மூலமாகவோ, எக்ஸ்போர்ட் செய்த கோப்பு மூலமாகவோ சாமான்களைக் கொண்டுவரலாம். அடுத்த இஎஸ்ஆர் எண் வரும் சமயம் பார்த்து மாறினால் இந்தத் தொல்லையே இல்லை. குரோமிலும் எட்டு வார வேகத்தில் ஒரு நீண்டகாலத் தடம் உண்டு, ஆனால் அது நிர்வாகி வைத்து ஓட்டும் அலுவலகக் கணினிகளுக்கானது.

9. போட்டாயிற்று, ஏதோ உடைந்திருக்கிறது

முதலில் உண்மையிலேயே போட்டாயிற்றா என்று பாருங்கள். இறக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் வாரக்கணக்கில் நாற்பது டேபோடு ஓட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். ரீஸ்டார்ட் ஆகும் வரை பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். டேப்கள் திரும்பி வந்துவிடும், ஆனால் இன்காக்னிட்டோ ஜன்னல்கள் வராது, பாதி நிரப்பிய படிவத்தையும் நம்பாதீர்கள்.

பிரச்சினை ஒரு தளத்தில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒரு தளத்தில் மட்டும் என்றால் அந்தத் தளத்தின் குக்கீயையும் கேஷையும் அழித்துவிட்டு மறுபடி லாகின் செய்யுங்கள், அனுமதிகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல் போக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸை ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால் டிரபிள்ஷூட் மோடில், ஆட்-ஆன்கள் இல்லாமல் திறக்கும். அதில் சரியாக ஓடினால் குற்றவாளி ஆட்-ஆன்களில் ஒன்று. பாதியை அணைத்துப் பாருங்கள், பிறகு மீதியில் பாதி, சீக்கிரம் பிடிபடும். குரோமில் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய்க் கையால் அணைக்க வேண்டும்.

பழைய வெர்ஷனைத் தேடி எங்கோ ஒரு டவுன்லோடு தளத்திலிருந்து இறக்குவது வேண்டவே வேண்டாம். அன்றைய வேலை நிற்கிறதே என்றால் இன்னொரு பிரௌசரில் முடித்துவிட்டு வாருங்கள். கணினியில் எப்போதும் இரண்டு பிரௌசர் வைத்திருப்பது இதற்குத்தான்.

10. அப்டேட்டே வராத பழைய கருவிகள்

விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் குரோம் 109ஓடு நின்றுவிட்டது, அது 2023 ஜனவரியில் வந்தது. அந்தக் கணினிகளுக்கு மிச்சமிருந்த மரியாதையான வழி ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் 115. அதற்கான கெடுவை மோசில்லா பலமுறை நீட்டித்தது, அதை நம்பி நிரந்தரத் திட்டம் போட முடியாது. போனில், ஆண்ட்ராய்டு 8, 9 வைத்திருப்பவர்களுக்கு குரோம் 138தான் கடைசி. பிளே ஸ்டோரில் அப்டேட் பொத்தானே வராது என்பதால் பலருக்கு நின்றுபோனதே தெரியாது. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள். அப்படிப்பட்ட கருவியில் பாட்டு கேளுங்கள், செய்தி படியுங்கள், வங்கி லாகினும் பாஸ்வேர்டு சேமிப்பும் மட்டும் வேண்டாம். கணினி நல்ல நிலையில் இருந்தால் லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டுப் புது ஃபயர்ஃபாக்ஸ் ஓட்டலாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அப்புறம், ஏதோ ஒரு வலைப்பக்கம் திரை முழுக்க விரிந்து "உங்கள் பிரௌசர் பழையது, இங்கே கிளிக் செய்து அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரு கோப்பை நீட்டினால் அது அப்டேட் இல்லை, பல வருடமாக நடக்கும் மோசடி. நல்ல தளத்தையே கைப்பற்றி அதன் மேல் இந்தத் திரையைப் போடுவார்கள், லோகோவெல்லாம் அச்சு அசலாக இருக்கும். உண்மையான அப்டேட் பிரௌசரின் சொந்த மெனுவுக்குள்தான் வரும், போனில் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாக வரும். சந்தேகமாக இருந்தால் அந்த டேபை மூடிவிட்டு, முதல் படியில் பார்க்காதே என்று சொன்ன அந்த அபௌட் பக்கத்தையே திறந்து பாருங்கள்.